முதலில் ஓடிவருகிறவருக்கு அரைப்பேர்தானா?



பதிவு கொஞ்சம் நீளம். இன்று லீவு நாள்தானே, ஒரு பிளேன்டியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பொல்பிட்டிய, கினிகத்தேனை, நோட்டன், ஹட்டன் பக்கம் இருக்கிற நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். தலைப்பைப் பார்த்து தோட்டத்துச் சம்பளப் பிரச்சினை என்று நினைத்திருப்பீர்கள். இது அதுவல்ல. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன கவ்வாத்து நேரம். பாடசாலை விட்டு நான் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரத்தில் ஒரே கூட்டம். என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் அப்பா மண்ணில் கிடந்தார். கவ்வாத்துக் கத்தி வழுக்கி, தொடையின் உள்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. இரத்தம் கசியவில்லை, துடித்துத் துடித்துப் பாய்ந்தது. ஒருவர் கோப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் சாரத்தைக் கிழித்துக் காயத்துக்கு மேல் சுற்றினார். கட்டு நனைந்து கனத்ததே தவிர இரத்தம் நிற்கவில்லை. "லொறிய கூப்பிடு", "ஆட்டோவ கூப்பிடு" என்று ஆளுக்கொரு பக்கம் சத்தம். நானும் நின்றேன். இருபது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன், இதயம் நிமிடத்துக்கு எத்தனை தரம் துடிக்கும், உடம்பில் எத்தனை லீற்றர் இரத்தம் இருக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியவன், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அந்த வழியாக வந்த ஒரு திரீவில் நின்றது. இறங்கியவர் நம் பக்கத்து ஊர் சிங்கள மனிதர். எல்லோரும் அவரை 'ஆமி அய்யா' என்றுதான் கூப்பிடுவோம். எதையும் கேட்கவில்லை. நேராக வந்து முழங்காலை மடித்து, தன் முழுப்பாரத்தையும் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். கிழிந்த சாரத்தை மடித்துப் பட்டியாக்கச் சொன்னார். காயத்துக்கு மேலே தொடையில் அதைச் சுற்றி, ஒரு தேயிலைக் குச்சியைச் செருகி முறுக்கினார். அந்த அண்ணன் அலறினார். அய்யா விடவில்லை. இரத்தம் நின்றது. பிறகு என் பக்கம் கை நீட்டினார். என் சட்டைப்பையில் கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனா இருந்தது. அதை வாங்கி அந்த அண்ணனின் நெற்றியில் நேரத்தை எழுதினார். 2.20. "இது ஆஸ்பத்திரியில் தெரிய வேண்டும் சேர்" என்றார்.

அந்தப் பிள்ளையின் அப்பா பிழைத்தார். காலும் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ். இப்போது கொஞ்சம் நொண்டி நடக்கிறார், ஆனால் நடக்கிறார். பிள்ளை வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறது.

சில நாள் கழித்து அய்யாவைத் தேடிப் போய்ப் பேசினேன். 22 வருடம் இராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்திருக்கிறார். ஊசி போடத் தெரியும், சேலைன் ஏற்றத் தெரியும், மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கத் தெரியும், வெடிபட்ட காலைக் கட்டத் தெரியும். பென்ஷன் எடுத்து வந்தபின் மருத்துவ வேலை ஒன்றுக்கு ஓரிடத்தில் விண்ணப்பித்திருக்கிறார். கையிலுள்ள சான்றிதழ் அந்த வேலைக்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது இரவில் ஒரு கட்டடத்துக்கு செக்கியூரிட்டி. அவர் சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "சேர், எனக்குத் தெரிந்த வேலைக்குப் பேப்பர் இல்லை. பேப்பர் உள்ள வேலை எனக்குத் தெரியாது."

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்கிறேன்.

காயம்பட்டவரின் உயிர் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இதை உலகத்தில் அதிகம் ஆராய்ந்தவர்கள் இராணுவ மருத்துவர்கள்தான். 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து 2012 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் சுமார் 87 வீதமானோர் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த மரணங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் இரத்தப்போக்கு. ஆக, அந்தக் காயங்களுக்குப் பெரிய டொக்டரும் பெரிய மெஷினும் போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரம் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதே கேள்வி.

இன்னொரு கணக்கு. அதே போர்களில் ரேஞ்சர்ஸ் என்ற ஒரு படைப்பிரிவு, மருத்துவ உதவியாளருக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு சிப்பாய்க்கும், கட்டளை அதிகாரிக்கும்கூட இரத்தப்போக்கை நிறுத்தப் பழக்கியது. அந்தப் பிரிவில் போரில் இறந்த 32 பேரில் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நூற்றுக்கு மூன்று. மற்றப் படைகளில் நாலில் ஒன்று, இங்கே நூற்றுக்கு மூன்று.

மூன்றாவது கணக்குத்தான் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது. ஆப்கானிஸ்தானில் காயப்பட்டவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றிவரும்போது கூடவே ஒரு மருத்துவ உதவியாளர் வருவார். சில பிரிவுகளில் அவருக்கு அடிப்படைப் பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவில் வந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பயிற்சி எடுத்தவர்கள்; அவர்களில் பலர் ஊரில் இருக்கும்போதும் அம்புலன்ஸில் தினமும் அதே வேலையைச் செய்தவர்கள். காயம்பட்டு 48 மணித்தியாலத்துக்குள் இறந்தவர்கள் முதல் வகையில் நூற்றுக்கு 15 பேர். இரண்டாவது வகையில் 8 பேர். அதே போர், அதே ஹெலிகொப்டர். வித்தியாசம் உள்ளே இருந்த மனிதரின் பயிற்சியில். அந்த முடிவு 2012 இல் வெளியானது. அதன்பின் அமெரிக்க இராணுவம் ஹெலிகொப்டரில் போகும் தன் உதவியாளர்களின் பயிற்சியை உயர்த்தியது.

அங்கே சாதாரண இராணுவ மருத்துவ உதவியாளருக்கும் 16 கிழமைப் பயிற்சி. அதில் சிவில் அம்புலன்ஸ் ஊழியர் எழுதுகிற அதே தேசியப் பரீட்சையை எழுதிச் சித்தியடைய வேண்டும். சீருடையைக் கழற்றினாலும் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும். நம் ஆமி அய்யாவின் கையில் இல்லாதது அதுதான்.

இதெல்லாம் போர்க்களக் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் மலையைப் பாருங்கள். இங்கே போர் இல்லை. ஆனால் கவ்வாத்துக் கத்தி இருக்கிறது, பக்டரி மெஷின் இருக்கிறது, பள்ளத்தில் உருளும் பஸ் இருக்கிறது, மண்சரிவு இருக்கிறது. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் போனார்கள், மலைநாடுதான் அதிகம் அடிபட்டது. ரோடு இல்லாத இடத்துக்கு அம்புலன்ஸ் எப்படி வரும்? நடந்தும் ஹெலிகொப்டரிலும் வரக்கூடியவர்கள் படையினர்தான். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் மருந்துப்பையோடு வருகிறவருக்கு என்ன தெரியும் என்பது, இந்த மலையில் வாழ்கிற ஒவ்வொருவரின் உயிர்ப் பிரச்சினை.

இனி சம்பளத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களை நிறுத்திவைக்க அவர்களுடைய டீ.ஏ.டீ. கொடுப்பனவை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக அரசாங்கம் உயர்த்தியது. சரியான காரியம் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரியில் டொக்டர் மட்டுமா வேலை செய்கிறார்? எங்களுக்கும் 35,000 வேண்டும் என்று 72 தொழிற்சங்கங்கள் பெப்ரவரி முதலாம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கின. அப்போது அரசாங்கம் என்ன செய்தது? ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தை அனுப்பியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மேலே இருக்கிறவருக்குக் கொடுப்பனவு. நடுவில் இருக்கிறவருக்குப் பேச்சுவார்த்தை. அவர் வேலையை நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப, வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லாத ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயின் திறமைக்கு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. அவசரத்துக்கு நாலு கை வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் எந்த நாட்டு இராணுவத்திலும் டொக்டரின் சம்பளத்தைத் தனியாகத்தான் பார்ப்பார்கள். இந்தியாவில் ஆயுதப்படை டொக்டர்மாருக்கு வெளியே தனியார் வைத்தியம் செய்யாமல் இருப்பதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 20 வீதம் மேலதிகமாகக் கொடுக்கிறார்கள். பிரித்தானியாவில் படை டொக்டர்மாரின் சம்பளத்துக்குத் தனியாகவே பரிந்துரை செய்கிறார்கள். ஏன்? வெளியே போனால் அவருக்கு இரண்டு மடங்கு கிடைக்கும் என்று தெரியும். ஆனால் டொக்டருக்குக் கீழே, குண்டு விழுகிற இடத்தில் முதலில் கை வைக்கிறவரின் சம்பளம் பெரும்பாலும் ரேங்க்கைப் பார்த்துத்தான் ஏறும். சமையலறையில் இருக்கிற கோப்ரலும் மருந்துப்பை தூக்குகிற கோப்ரலும் ஒரே கோப்ரல். சமையல்காரரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவருடைய தவறு அரைமணி நேரத்தில் சரியாகும், இன்னொருவருடைய தவறு மௌத்தில் முடியும் என்றுதான் சொல்கிறேன்.

ரேங்க்குக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும்? கெட்டிக்கார உதவியாளர் மேலே போக வேண்டுமானால் காயத்தை விட்டுவிட்டு பைலைப் பிடிக்க வேண்டும். மேசைக்குப் போனால் பதவி உயர்வு, களத்தில் நின்றால் அதே இடம். நாம் நல்ல ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுத்து ஒப்பீசில் உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே கதை.

ஆசிரியர் என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தப் பதிவை எழுத எனக்குள்ள உரிமையும் அதுதான். மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்று பிள்ளைகளை எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? உயர்தரம் முடித்த பிள்ளைகள். பயிற்சி பிறகு, சம்பளம் பிறகு, இப்போதைக்கு மாதம் 6,000 ரூபாய் என்றார்கள். பிறகு அது 10,000 ஆனது. பஸ் காசுக்கும் போதவில்லை. முழு ஆசிரியர் செய்கிற முழு வேலையையும் அவர்கள் செய்தார்கள். பெயர் மட்டும் உதவியாளர். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். இவர்களுக்குக் கூடை நிறைந்திருந்தும் அரைப்பேர்தான். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் மனம் வெறுத்து விட்டுப்போனார்கள் என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நின்றவர்களைப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி கொடுத்து, சேவையில் சேர்த்தபோதுதான் வகுப்பறை நிமிர்ந்தது. பயிற்சியையும் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். ஒன்றை மட்டும் கொடுத்தால் இரண்டும் வீண். பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுக்காவிட்டால் ஆள் வெளிநாடு போவார். சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் ஆள் இருப்பார், காயப்பட்டவர் போவார்.

நம் நாட்டில் இதைச் சரியாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு இரண்டு சாட்சி சொல்கிறேன்.

ஒன்று 1990. 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களோடு சுவசெரிய தொடங்கியபோது எவ்வளவு எதிர்ப்பு! உளவு பார்க்க வருகிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். தொடக்கத்தில் ஊழியர்களை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 2018 இல் தனிச் சட்டம் வந்தது, வடக்குக்கு விரிந்தது, பிறகு 297 அம்புலன்ஸ்களோடு நாடு முழுவதும் ஓடியது. இன்று ஒரு தோட்டத்து அம்மாவும் யோசிக்காமல் 1990 ஐ அழுத்துகிறார். பயிற்சியும் தரமும் இருந்தால் மக்கள் நம்புவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரண்டாவது, நம் இராணுவமே. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைக்காகத் தென் சூடானின் போர் என்ற ஊரில் இலங்கை இராணுவ மருத்துவர்கள் ஓர் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள். ஐ.நா. அமைதிப்படையில் களத்துக்கு வருகிற மருத்துவ உதவியாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. சாதாரண சிப்பாய்க்கும், பக்கத்தில் விழுந்த தோழனைக் காப்பாற்றத் தனி முதலுதவிப் பாடம் இருக்கிறது. தென் சூடானில் ஒரு தரத்துக்கு நிற்க முடிந்தவர்களால், நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் நிற்க முடியாதா?

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். இன்பொக்ஸில் வரும் என்று தெரியும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"மாஸ்டர், இராணுவத்துக்கா வக்காலத்து?" என்று சிலர் கேட்பீர்கள். இராணுவம் என்றதும் இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மனம் இருக்காது. தமிழ்ச் சகோதரர்களின் நினைவு வேறு. நம் சமூகத்துக்கும் காயம் இருக்கிறது. 2020 இல் கொரோனாவைக் காரணம் காட்டி நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 வரை ஆனது. மருத்துவத் தீர்மானம் விஞ்ஞானத்தை விட்டு அதிகாரத்தின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் நான் ஆஸ்பத்திரியை இராணுவத்திடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நேர் எதிர். இராணுவத்தின் மருத்துவ உதவியாளரும் சிவில் தரத்துக்கு, சிவில் பரீட்சைக்கு, சிவில் பதிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறேன். அப்போது அவருடைய முதல் கடமை காயப்பட்டவருக்கு, அவர் யாராக இருந்தாலும்.

"காசு எங்கே இருக்கிறது?" என்று இன்னும் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டின் நிலைமை நமக்குத் தெரியும். ஆனால் ஒருவரைப் பல வருடம் பழக்கி, 22 வருடம் வேலை வாங்கி, கடைசியில் ஒரு கேற்றைத் திறந்து மூட விடுவதுதான் பெரிய செலவு. அந்தப் பயிற்சிக்குக் காசு கொடுத்தது நாம். கடையில் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறோம்.

"தோட்டத்து டிஸ்பென்சரிக்கே ஒழுங்கான ஆள் இல்லை, நீங்கள் இராணுவத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்பார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த மலையில் ஒருவர் விழுந்தால் முதலில் வரக்கூடியவர்கள் மூன்று பேர். தோட்டத்து வைத்திய உதவியாளர், 1990 காரர், அனர்த்த நேரத்தில் இராணுவ மருத்துவ உதவியாளர். மூவரும் செய்வது ஒரே வேலை. ஆனால் மூவருக்கும் மூன்று பாடம், மூன்று சம்பளம், மூன்று எதிர்காலம். ஒருவரின் தகுதியை மற்றவர் ஏற்க ஒரு பொது அளவுகோல் வேண்டும். தோட்டத்து ஆளின் தரத்தையும் அதுவே தூக்கிவிடும்.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1969 முதல் ஓடுகிற பொல்பிட்டிய மின்நிலையத்தைப் பாருங்கள். அங்கே டர்பைனுக்குப் பக்கத்தில் யாரையாவது "அனுபவம் இருக்கிறது, போய்த் தொடு" என்று விடுவார்களா? தகுதியைப் பார்ப்பார்கள், அந்தத் தகுதிக்கேற்ற சம்பளமும் கொடுப்பார்கள். மின்சாரத்துக்குக் காட்டுகிற கவனத்தை மனித உடம்புக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் கேட்பது ஐந்து விஷயம்.

ஒன்று. முதலுதவி மருத்துவப் பணிக்கு நாடு முழுவதற்கும் ஒரே தரம். வெல்டிங்குக்கும் மின்னிணைப்புக்கும் என்.வி.கியூ. என்று ஏழு மட்டம் வைத்திருக்கிறோம். அதுபோல இதற்கும் படிப்படியான மட்டங்கள் வேண்டும். சீருடை பச்சையா வெள்ளையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பரீட்சை.

இரண்டு. ஒருமுறை பாஸ் பண்ணினால் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று விடக்கூடாது. நெஞ்சழுத்தி உயிர் மீட்கிற பழக்கமே சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடும் என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். போர் இல்லாத காலத்தில் இராணுவ உதவியாளர் எங்கே பழகுவார்? வருடத்தில் சில கிழமை நம் ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யட்டும். 2017 மே மாதம் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 150 கட்டிலோடு நம் பக்கத்தில் இருக்கிறது. அப்படியான இடத்தில் டொக்டரின் கண்முன்னால் பழகட்டும். வேலைநிறுத்தத்தை உடைக்க அல்ல, கற்றுக்கொள்ள.

மூன்று. கொடுப்பனவு ரேங்க்குக்கு அல்ல, சான்றிதழுக்கு. மேல் மட்டச் சான்றிதழ் இருந்தால் மேலதிகம். புதுப்பிக்காவிட்டால் அது நிற்கும். அப்போது காயத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒருவர் வாழ்க்கையில் உயரலாம். பயிற்சி எடுக்க வேண்டும் என்ற ஆசையும் தானாக வரும். 1990 ஊழியருக்கும் தோட்டத்து வைத்திய உதவியாளருக்கும் இதே கணக்கு.

நான்கு. ஓய்வுபெறும் மருத்துவ உதவியாளருக்கு ஒரு பாலம். குறைந்த பாடங்களைப் படித்துப் பரீட்சை எழுதி 1990 க்கோ தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ வர வழி வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய, இரத்தத்தைக் கண்டு பதறாத மனிதர்களை நைட் செக்கியூரிட்டியில் வைத்திருக்கிற அளவுக்கு நாம் பணக்கார நாடு இல்லை.

ஐந்து. மொழி. மலையில் காயப்படுகிறவர் தமிழில்தான் அழுவார். "எங்கே வலிக்கிறது", "எப்போது சாப்பிட்டீங்க", "என்ன மருந்து குடிக்கிறீங்க", "மூச்சு முட்டுதா" என்று கேட்கத் தெரியாத உதவியாளருக்குப் பாதிப் பயிற்சிதான் முடிந்திருக்கிறது. அந்தப் பரீட்சையில் மற்ற மொழிக்கும் புள்ளி இருக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர் சிங்களம் படிக்க வேண்டும், சிங்களம் பேசுகிறவர் தமிழ் படிக்க வேண்டும். ஆமி அய்யாவுக்கு நாலு தமிழ்ச் சொல் தெரிந்திருந்தது. "பயப்படாதே, மூச்சு எடு" என்றார். அந்த நாலு சொல் அந்த அண்ணனை எவ்வளவு பிடித்து வைத்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

இஸ்லாமிய வரலாறு படித்த பிள்ளைகளுக்கு ருஃபைதா அல் அஸ்லமிய்யா என்ற பெயர் தெரிந்திருக்கும். அகழ்ப்போர் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் போட்டுக் காயப்பட்டவர்களைப் பார்த்த பெண்மணி. அவர் கூடாரத்தோடு நிறுத்தவில்லை, மற்றப் பெண்களுக்கும் பழக்கினார் என்று சொல்வார்கள். கைபர் போருக்குப் பிறகு, வாளெடுத்துப் போரிட்டவருக்குக் கொடுத்த அதே பங்கு, காயத்தைக் கட்டிய அவருக்கும் கொடுக்கப்பட்டது என்று வரலாற்றுச் செய்திகளில் இருக்கிறது. பயிற்சியும் பங்கும். 1,400 வருடங்களுக்கு முன்பே சேர்ந்து வந்த இரண்டு விஷயம் இவை. பள்ளிவாசலில் இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிற நாம், வெளியே வந்து அதையே உரிமையாகக் கேட்கலாம்.

அரசாங்கம் செய்யட்டும் என்று விட்டுவிட்டு நாம் சும்மா இருக்கவும் கூடாது. நம்மால் முடிந்தது இருக்கிறது. ஆமி அய்யாவிடம் பேசிவிட்டேன். பாடசாலை விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை, பெற்றோருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் இரத்தப்போக்கை நிறுத்தச் சொல்லித் தர வருகிறேன் என்றார். காசு வேண்டாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நேரம் எழுதிவிட்டு அவரை இலவசமாகக் கூப்பிட்டால் என் பேச்சுக்கு என்ன மரியாதை? பள்ளிவாசல், கோவில், விகாரை மூன்று பக்கமும் கேட்டுச் சிறிய தொகை சேர்க்கிறோம். கொடுக்க விரும்புகிறவர்கள் என்னிடம் நேரில் பேசுங்கள்.

அதுவரைக்கும் மூன்றே மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். காயத்தில் கோப்பித்தூள், தேயிலைத்தூள், மண்ணெண்ணெய் எதையும் போடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து உங்கள் முழுப் பாரத்தோடு அழுத்துங்கள், இரத்தம் நின்றதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். அழுத்தியும் கையிலோ காலிலோ இரத்தம் பாய்ந்துகொண்டே இருந்தால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, குச்சியால் முறுக்கி, நேரத்தை எழுதுங்கள். டொக்டர் சொல்லும்வரை அவிழ்க்காதீர்கள். கூட நிற்கிற இன்னொருவர் 1990 ஐ எடுக்கட்டும்.

அந்தச் சிவப்புப் பேனா இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கொப்பி திருத்தும்போதெல்லாம் அந்த 2.20 நினைவுக்கு வருகிறது. அவர் அந்த வழியால் வராமல் இருந்திருந்தால் என்ற நினைவும் சேர்ந்தே வருகிறது. ஒரு மலைநாட்டின் உயிர், தற்செயலாக வந்த ஒரு திரீவிலில் தொங்கக்கூடாது.

உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில் இப்படி ஓய்வுபெற்று வந்து வேறு வேலை செய்கிறவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கள். பிரதேச சபை உறுப்பினர்களும், நம் பாராளுமன்ற உறுப்பினர்களோடு பேசக்கூடியவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது இந்த ஐந்தில் ஒன்றையாவது பற்றிப் பேசுங்கள். நானும் நினைவில் வைத்துக் கேட்பேன். வாத்தியார் வேலை அதுதானே.

எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. மழை நேரம், ரோட்டில் கவனம்.